மரம் எடுக்க ஹைட்ரா வாடகை: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

சென்னைப் புறநகரில் வீட்டு மரத்தை எடுக்கக் கிரேன் கேட்டால் வந்து நிற்பது பெரும்பாலும் டயரில் ஓடும் 12 அல்லது 14 டன் கிரேனான ஹைட்ராதான். மரம் சாய வெற்றிடம் இருந்தால் அது தண்டச் செலவு. ஒரு பக்கம் ஷீட் கூரை, மறுபக்கம் காம்பவுண்டு சுவர், நடுவில் முதிர்ந்த தூங்குமூஞ்சி என்றால் யோசிக்காமல் கூப்பிடலாம்.

மணிக்கு 1,500 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். அரை மணியில் வேலை முடிந்தாலும் குறைந்தபட்சம் 4 மணி நேரக் காசு, 6,000. ஷெட்டிலிருந்து வந்து திரும்ப 2 மணி நேரம், 3,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 10,620. ஆபரேட்டர் பேட்டா தனி. பில் வேண்டாமென்றால் குறைத்துக்கொள்வார்கள்தான். சுவர் இடிந்தால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. மரம் வெட்டும் ஆட்கள் 4 பேருக்கு, தலைக்கு 1,200 வீதம், கயிறு கட்டி இறக்க 2 நாள் கூலி 9,600. ஹைட்ரா இருந்தால் ஒரு நாள், 4,800. ஆக, கூலி குறைந்தாலும் கிரேனால் மொத்தச் செலவு மிச்சமாகாது. ஏறக்குறைய 6,000 கூடுதலாகத்தான் ஆகும். அந்தப் பணம் கூரைக்கும் சுவருக்கும் கொடுக்கும் காப்பு.

'14 டன்' என்பதை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, முழுக்க உள்ளிழுத்து, சுமை வண்டியை ஒட்டி இருந்தால்தான் அந்தக் கணக்கு. நீட்ட நீட்டத் தூக்கும் திறன் மளமளவென்று குறையும். 60 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள பச்சை மரத் துண்டே 800 கிலோவைத் தாண்டலாம். எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட் கேபினில் இல்லாத வண்டி வேண்டாம்.

கொக்கியில் மாட்டும் பெல்ட்டைத் துண்டின் எடை மையத்துக்கு மேலே கட்ட வேண்டும். இலை அடர்ந்த பக்கம் கனம் கூடுதல் என்பதால் அந்த மையம் கிளையின் நட்டநடுவில் இருக்காது. பெல்ட் லேசாக விறைத்ததும் அறுக்கலாம். ஆபரேட்டர் முன்கூட்டியே இறுக்கி இழுத்தால், அறுபட்ட நொடியில் துண்டு துள்ளி, அறுப்பவர் மேலேயே பாயும். அடிக்கட்டையை வேரோடு பிடுங்கச் சொல்லவே கூடாது. வேர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, வண்டி குப்புறச் சாய்ந்துவிடும். அது ஜேசிபி வேலை.

ஹைட்ராவுக்கு ஊன்றுகால் கிடையாது. எல்லாப் பாரமும் டயரில். மழை ஊறிய மண்ணில் புதையும். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் மூடிமேல் ஏறினால் ஸ்லாப் உடைந்து உள்ளே இறங்கும்; அந்த இடங்களை முன்பே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். மின்கம்பி அருகே இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் பூமைத் தூக்க விடாதீர்கள். லைன் ஆஃப் ஆகும் நேரம் உறுதியான பிறகே வண்டியை வரச் சொல்லுங்கள், காத்திருப்புக்கும் மீட்டர் ஓடும்.

பொந்து விழுந்து ஆள் ஏற முடியாத மரத்துக்குக் ஆளைக் கூடையில் நிறுத்தி உயர்த்தும் கூடை வண்டி தனியாக வேண்டும். ஆளை ஹைட்ரா கொக்கியில் தொங்கவிட்டு அறுக்கிறோம் என்று சொல்லும் குழுவை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

செலவில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் வழி ஒன்று உண்டு. வேம்பு, பூவரசு போன்றவற்றின் அடிமரத்தைத் துண்டு போடாமல் நீளமாக இறக்கினால் அறுவை மில் விலை. சிறு துண்டாக்கினால் விறகு விலைதான். மர வியாபாரியின் லாரியை அதே நேரத்துக்கு வரவழைத்தால் ஹைட்ராவே ஏற்றிவிடும், ஏற்றுக்கூலி மிச்சம்.