உமரிக்கீரையோடு மூன்று ஆண்டுகள்

உப்பு மண்ணில் வளரும் செடிதானே, உப்புத் தண்ணீர் ஊற்றியே விதைப்போம் என்று தொடங்கினேன். ஒரு மாதம் காத்திருந்தும் ஒரு விதைகூட முளைக்கவில்லை. உமரி, அதாவது சாலிகோர்னியா, வளர்ந்தபின் நிறைய உப்பைத் தாங்கும். ஆனால் விதை முளைக்க நல்ல தண்ணீர் வேண்டும். கடலோரச் சதுப்பிலும் மழை பெய்து மண்ணின் உப்பு தணியும்போதுதான் பெரும்பாலும் முளைக்கிறது.

மறுமுறை ஈர மணல் கலவையின் மேல் விதையைத் தூவி, மண் போட்டு மூடாமல், நல்ல தண்ணீரைத் தெளித்தேன். விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும். இந்த முறை முளைத்தது. முதல் சில வாரங்கள் செடி நகரவே நகராது. பொறுமை வேண்டும்.

அந்த ஆண்டு பயந்துபோய்க் கடைசிவரை நல்ல தண்ணீரே கொடுத்தேன். செடி சாகவில்லை, ஆனால் மெலிந்து நின்றது. வாயில் போட்டால் வெறும் புல். மூன்றாம் ஆண்டுதான் வழி பிடிபட்டது. நாற்று விரல் உயரம் வந்ததும் லிட்டருக்கு 5 கிராம் கடல் உப்பு, அப்புறம் 10, கடைசியில் 15. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கும். அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. உப்பை உயிரணுக்களுக்குள் சேர்த்துவைத்து, அதன் பலத்தில் நீரை இழுப்பதால்தான் தண்டு கணுக்கணுவாக உருண்டு திரள்கிறது. கடித்தால் நறுக்கென்று உடையும் அந்தச் சுவைக்காகவே இத்தனை பாடும் தகும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உப்புப் படிவு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். மண்மேல் வெள்ளையாகப் பூத்தால் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அடிவழியே வடியவிடுங்கள். வடிந்த நீர் வேறு எந்தச் செடிக்கும் போகக் கூடாது. பக்கத்துத் தொட்டியில் இருந்த, எனக்கு மிகவும் பிடித்த செடியை அப்படித்தான் இழந்தேன், இன்னும் வருத்தமாக இருக்கிறது. செடி வெளிறினால் உடனே உப்பைக் கூட்டாதீர்கள். என் செடிக்குத் தேவைப்பட்டது தழைச்சத்து. மட்கிய உரம் போட்டதும் தேறியது.

நுனியை மட்டும் கிள்ளுங்கள், பக்கக்கிளை விடும். பச்சையாகவே தின்னலாம், வேகவைத்தால் ஒரு நிமிடம் போதும், உப்பு போடவே வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிகக் குறைவாகச் சாப்பிடுவது நல்லது.

பகல் நேரம் குறையத் தொடங்கியதும் பூக்கும். தண்டுக்குள் நார் கட்டிவிடும், அதன்பின் கீரையாகப் பறிக்க முடியாது. ஆனாலும் பிடுங்கிவிடாதீர்கள். செடி முழுக்கச் சிவந்து நிற்கும் அந்த நாட்கள் எனக்கு அறுவடையைவிட இனியவை. அது ஓராண்டுச் செடி, விதைக்கும் அதையேதான் நம்ப வேண்டும். காய்ந்த கிளைகளைக் காகிதத்தின் மேல் கசக்கி, உதிர்ந்த விதைகளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தமுறை இரண்டு தொட்டிக்குப் போதும்.