உபுண்டுவின் பிஎச்பி செஷன் துப்புரவு: ஒரு மதிப்பீடு

மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்றின் இணையதளத்தைப் பராமரித்து வருகிறேன். தளத்துக்கு வருபவர் யார், எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைத் தற்காலிகமாக நினைவில் வைப்பதே செஷன். பழைய செஷன் கோப்புகளை அழிப்பதற்கு, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரிலேயே அமைந்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றியது இந்த மதிப்பீடு. துப்புரவுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் செஷன் எப்போது காலாவதியாக வேண்டும் என்பதை இதன் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

தளம் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியை அதன் போக்கில் விட்டால், செஷன் தொடங்கும்போது நூற்றில் ஒரு முறை என்ற வாய்ப்பில் துப்புரவு நடக்கும். அதனால் வரும் தாமதம் அந்நேரம் பக்கத்தைத் திறக்கும் வாடிக்கையாளரின் தலையில் விழும், யாரும் வராத இரவிலோ எதுவுமே அழியாது. டெபியன் என்ற மற்றொரு லினக்ஸின் வழிவந்த உபுண்டு இந்த வாய்ப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒவ்வொரு மணியிலும் 9ஆம், 39ஆம் நிமிடங்களில் தனி நிரல் ஒன்றை ரூட் (சர்வரின் முழு நிர்வாகி) அதிகாரத்தில் ஓட்டுகிறது. கோப்புகள் இருக்கும் அடைவின் அனுமதி 1733 என்பதால் பிஎச்பி அங்கே எழுதலாமே தவிர, பட்டியலைப் பார்க்க முடியாது. ஒரே சர்வரில் பல தளங்கள் இருக்கும்போது, ஒன்றின் செஷன் அடையாளங்களை மற்றொன்று துழாவ முடியாமல் தடுக்கும் இந்த அமைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

செஷனின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். கல்யாணத்துக்குச் சேலை எடுப்பவர்கள் பாதியில் நிறுத்தி, உறவினரிடம் போனில் கலந்து பேசிவிட்டுத் திரும்புவதற்குள் தேர்ந்தெடுத்தவை எல்லாம் போய்விடும் என்பதால், கடைத் தளத்துக்கு 7200 விநாடி வைப்பதே நல்லது. அதை பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.இனியில்தான் (php.ini) எழுத வேண்டும். தளத்தின் நிரலுக்குள் மட்டும் மாற்றினால், துப்புரவு நிரல் அதை அறியாமல் பழைய கணக்கிலேயே கோப்புகளை அழித்துவிடும். கோப்புகளின் இடத்தை நிரலுக்குள் மாற்றினாலும் துப்புரவு நிரல் அதை அறியாது: அங்கே எதுவும் அழியாமல் குவிந்து, ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாக வட்டில் ஒதுக்கப்படும் பதிவுகள்) தீர்ந்து, வட்டில் இடம் இருந்தும் இடமில்லை என்ற பிழை வரும்.

பெரிய குறை ஒன்று உண்டு. ஆயுள் முடிந்தும் இன்னும் அழியாத கோப்பை பிஎச்பி மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். துப்புரவு அரை மணிக்கு ஒரு முறைதான் நடப்பதால், 24 நிமிட செஷன் ஏறத்தாழ 54 நிமிடம் வரை உயிரோடு இருக்கக்கூடும். பலர் மாறி மாறி உட்காரும் பில் கவுண்டர் கணினிக்கு இது ஆகாது. கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தைச் செஷனுக்குள்ளேயே பதிந்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் சரிபார்த்து, கெடு தாண்டியிருந்தால் நிரலே செஷனை அழித்துவிட வேண்டும். ஒரே சர்வரில் ஓடும் தளத்துக்கு அந்தச் சரிபார்ப்போடு இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். சர்வர்கள் இரண்டானால், ஆயுள் முடிந்ததும் தானே நீக்கிவிடும் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்துக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன்.