டெக்ஸ்டர்: நாலு சீசன் தங்கம், மிச்சம் நாலு வெறும் இழுவை

முதல்லயே சொல்லிடறேன், ஸ்பாய்லர் ஏகப்பட்டது இருக்கு. இன்னும் பாக்காதவங்க நேரா கடைசி பாராவுக்குப் போயிருங்க.

டெக்ஸ்டர மூணாவது தடவையா முழுசா பாத்து முடிச்சேன். ஷோடைம்ங்கற அமெரிக்க டிவி சேனல்ல 2006லேந்து 2013 வரைக்கும் வந்த சீரிஸ், 8 சீசன், 96 எபிசோடு. முதல் தடவ பாத்தப்போ கடைசி எபிசோடு மேல மட்டும்தான் கோவம், எல்லாரும் திட்ற மாதிரி நானும் டெக்ஸ்டர் மரம் வெட்டுற ஆளா மாறிப்போற அந்த கடைசி சீன திட்டிட்டு விட்டுட்டேன். இந்த தடவ பாக்கும்போதுதான் புரிஞ்சுது, வீடு அன்னிக்கு இடிஞ்சு விழல, அஞ்சாவது சீசன்லயே கரையான் உள்ள புகுந்தாச்சு.

கதை தெரியாதவங்களுக்கு, டெக்ஸ்டர் மயாமி போலீஸ்ல ரத்தக்கறைய வச்சு கொலை எப்படி நடந்துச்சுன்னு சொல்ற ஆளு, ராத்திரியானா அவனே கொலைகாரன். தப்பிச்ச கொலைகாரங்கள மட்டும் கொல்லணும்னு வளர்ப்பு அப்பா ஹாரி சொல்லிக்குடுத்த கோட் ஒண்ணு இருக்கு, அதுல முதல் விதியே மாட்டிக்கக்கூடாதுங்கறதுதான். இந்த ஒரு விதிதான் மொத்த சீரிஸோட முதுகெலும்பு. டைட்டில் சீன் ஞாபகம் இருக்கா, ஷேவ் பண்றது, முட்டை உடைக்கறது, ஷூ லேஸ் இழுத்துக் கட்டறது, எல்லாம் சாதாரண காலை வேலை, ஆனா பாக்கறப்பவே கழுத்துல ஏதோ இறுகும். அந்த ஒன்றரை நிமிஷத்துல இருக்கற எழுத்து கடைசி சீசன் முழுக்கத் தேடினாலும் கெடைக்கல.

ஆரம்ப சீசன்லாம் ஏன் அப்படி பிடிச்சு உக்கார வச்சுதுன்னா, டெக்ஸ்டர சுத்தி இருந்தவங்க யாரும் முட்டாள் இல்ல. கூட வேலை பாக்கற சார்ஜென்ட் டோக்ஸ் ஒருத்தன் போதும், ஆதாரம் ஒண்ணும் இல்லாமயே மூக்கால மோப்பம் பிடிச்சுட்டு நிழல் மாதிரி பின்னாடியே வருவான். ரெண்டாவது சீசன்ல கடலுக்கடியில டைவர்ஸ் கண்ணுல டெக்ஸ்டர் போட்ட பொண மூட்டைங்க சிக்கி, எஃப்பிஐலேந்து லண்டி வந்து, கொலைகாரனத் தேடற அதே ஆபீஸ்லயே டெக்ஸ்டரும் உக்காந்திருப்பான் பாருங்க, அந்த நெருக்கடி எழுதுறதுக்கு தைரியம் வேணும். மூணாவது சீசன் பரவால்ல ரகம். நாலாவதுல ஜான் லித்கோ சீரியல் கில்லரா வந்து எல்லாரையும் தூக்கி சாப்டுட்டாரு, அதுக்கு எம்மி விருதும் வாங்கினாரு. கைல் பட்லர்ங்கற பொய்ப்பேர்ல பழகின டெக்ஸ்டரத் தேடி அந்த மனுஷன் நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே நடந்து வந்து ஐடி கார்டப் பாத்து உண்மைப் பேரச் சொல்ற இடம், மூணாவது தடவ பாக்கும்போதும் எனக்கு கை சில்லுன்னு ஆயிருச்சு. பெரிய சண்டை இல்ல, துப்பாக்கி இல்ல, ஒரு கார்டு அவ்வளவுதான். அந்த சீசன் முடிவுல பாத்ரூம்ல டெக்ஸ்டரோட பொண்டாட்டி ரீட்டா செத்துக்கெடக்க, கொழந்த ஹாரிசன் அம்மா ரத்தத்துலயே உக்காந்து அழுவான், டெக்ஸ்டர் சின்ன வயசுல எப்படி உக்காந்திருந்தானோ அச்சு அசல் அதே மாதிரி. அவன் பண்ணின தப்புக்கு கதை வட்டியோட வசூல் பண்ணுச்சு.

அதோட ஷோரன்னர், அதாவது மொத்த எழுத்துக்கும் பொறுப்பா இருந்த க்ளைட் ஃபிலிப்ஸ் கெளம்பிட்டாரு. அஞ்சாவதுக்கு ஒருத்தர், ஆறுலேந்து எட்டு வரைக்கும் இன்னொருத்தர். ஆள் மாறினதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு நான் சொல்ல வரல, எழுதற மேஜையில யார் என்ன முடிவெடுத்தாங்கன்னு நமக்கு எங்க தெரியும், ஆனா திரையில தெரியற மாற்றம் ஒண்ணுதான், டெக்ஸ்டர் மாட்டக்கூடாதுன்னு மத்த எல்லாரையும் மக்கு ஆக்கிட்டாங்க. முன்னாடி அவன் மூளைய வச்சுத் தப்பிப்பான், அப்புறம் எழுதறவங்க தயவுல தப்பிக்கிறான்.

அஞ்சாவது சீசன் முடிவையே எடுத்துக்கோங்க. ஒரு பிளாஸ்டிக் திரை, அந்தப்பக்கம் டெக்ஸ்டரோட தங்கச்சி டெப், அவளும் போலீஸ், துப்பாக்கியோட நிக்கிறா, இந்தப்பக்கம் டெக்ஸ்டரும் அவன் காப்பாத்தின லூமனும், கீழ பொணம். இழுத்துப் பாத்தா கதையே தலைகீழா திரும்பிரும். பாக்க மாட்டா! யாருன்னே பாக்காம போயிருங்கன்னு விட்டுட்டு கெளம்பிடுவா. அந்த சீன்ல டெப்பா வர ஜெனிஃபர் கார்ப்பென்டர் நடிப்பு அருமை, அதுல குறையே இல்ல, ஆனா எனக்கு என்னமோ திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தது டெக்ஸ்டர் இல்ல எழுத்தாளர்ங்கதான்னு தோணுச்சு.

ஆறாவது சீசன பத்தி நெறைய எழுத எனக்கு பொறுமை இல்ல. வில்லன்னு காட்டிட்டிருந்த ப்ரொஃபசர் கெல்லர் உயிரோடயே இல்லங்கற விஷயத்த ஒம்போதாவது எபிசோடுல பெரிய குண்டு மாதிரி போடறாங்க, பாக்கறவங்க பாதிப் பேரு அதுக்கு ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. இதுக்கு நடுவுல தங்கச்சிக்கு அண்ணன் மேல காதல்னு ஒரு கிளைக்கதை, அது எதுக்குன்னு இன்னி வரைக்கும் எனக்கு விளங்கல. லூயிஸ்னு ஒரு பையன, முதல் சீசன் வில்லன் ஐஸ் ட்ரக் கில்லரோட கேஸ்ல ஆதாரமா இருந்த கைய டெக்ஸ்டருக்கு பார்சல் அனுப்பற அளவுக்கு பில்டப் குடுத்து, ஏழாவதுல சம்பந்தமே இல்லாத வேற ஒருத்தன் கையால போட்டுத்தள்ளி ஃபைல மூடிட்டாங்க.

இன்னொண்ணு இந்த ஹாரி. முதல் ரெண்டு சீசன்ல ஹாரி பழைய நெனப்புல மட்டும் வருவாரு, அப்பா மகனுக்கு செஞ்சது நல்லதா கெட்டதான்னு நாமளே யோசிக்கலாம். அப்புறம் மனசுக்குள்ள வர உருவமா மாறி, சீசன் போகப்போக பக்கத்து சீட்ல உக்காந்துகிட்டு கண்ணு முன்னாடி நடக்கறதையே நமக்கு வாயால சொல்லிட்டிருப்பாரு. வாய்ஸ் ஓவரும் அதே கதிதான், முன்னாடி அதுல குசும்பு இருக்கும், கடைசில கமென்டரி ஆயிருச்சு.

எட்டாவதுல கேமரா ஓடற ரூம்ல, போலீஸ் காவல்ல இருக்கறவன, டெக்ஸ்டர் பேனாவால கழுத்துல குத்திக் கொல்றான். கூட வேலை பாக்கற போலீஸ்காரங்க குயினும் பட்டிஸ்டாவும் வீடியோவ உக்காந்து பாக்கறாங்க, பாத்துட்டு தற்காப்புன்னு அனுப்பி வச்சிடறாங்க. இதே ஆபீஸ்லதான்யா டோக்ஸ் இருந்தான். அது பத்தாதுன்னு புயல் நேரத்துல ஆஸ்பத்திரிலேந்து டெப்போட உடம்ப வெளிய கொண்டு வந்து படகுல ஏத்தறான், ஒரு நர்ஸ், ஒரு வாட்ச்மேன், யாராவது எங்கப்பா போறேன்னு கேக்கணுமே. மகன தன் காதலி ஹானா கூட அர்ஜென்டினா அனுப்பறான், அவ யாரு, டெப்புக்கு தண்ணில மருந்து கலந்து குடுத்து காரோட கவுத்தவ! அந்த பதினோரு மணி நேரத்த எனக்குத் திருப்பிக் குடுங்கடா. லேப்ல கூட வேலை பாக்கற மசூக்காவோட மக கதைன்னு ஒண்ணு வேற வந்து நின்னுகிட்டே இருக்கும், அது எங்க போகுதுன்னு பாத்தா எங்கயும் போகல.

2021ல நியூ ப்ளட்னு பத்து எபிசோடு வந்துச்சு, க்ளைட் ஃபிலிப்ஸே திரும்ப வந்தாருன்னு ஆசையா உக்காந்தேன். பனி, சின்ன ஊர், வளந்த மகன், நல்லாத்தான் போச்சு. ஆனா அந்த லேடி போலீஸ் டெக்ஸ்டரத்தான் பே ஹார்பர் புட்சர்னு, அதாவது அந்தக் கடல் பொண மூட்டைக் கொலைகாரன்னு கண்டுபிடிக்கற க்ளூ என்ன தெரியுமா, கெட்டமின் ஊசி. பழைய சீசன்ல அவன் போட்டது எம்99, அதாவது எட்டார்ஃபின். எட்டு சீசனா நம்ம கண்ணு முன்னாடி குத்தின ஊசி, அவங்களுக்கே மறந்து போச்சு. அதோட முடிவுல சுட்டு சாய்ச்ச டெக்ஸ்டரையே 2025ல ரிசரெக்‌ஷன்ங்கற அடுத்த சீரிஸ்ல எழுப்பி உக்கார வச்சிட்டாங்க, அதுக்கு தனியாத்தான் எழுதணும்.

இனிமே பாக்கப்போறவங்களுக்கு, முதல் நாலு சீசன் கண்ண மூடிட்டு பாக்கலாம், அஞ்சுக்கு நாலரை. நாலாவது சீசனோட பன்னெண்டாவது எபிசோடுதான் உங்களுக்கு க்ளைமாக்ஸ்னு வச்சுக்கோங்க. மனசு கேக்கலன்னா ஏழாவதுல ரே ஸ்டீவன்சன் வர இடங்கள மட்டும் பாருங்க, மனுஷன் பழிவாங்க வந்தவன், டெக்ஸ்டர் எதிர்ல பார்ல உக்காந்து தான் காதலிச்சவன பத்திப் பேசுவாரு, யாரும் யாரையும் குத்தல, ஆனா பழைய டெக்ஸ்டர் அந்த ஒரு மேஜைல இருக்கு.