பழைய ஜப்பானிய மேசை அலங்காரம்: பித்தளை வார்ப்பா, முலாம் பூசிய லைட்டரா?

பழைய ஜப்பானிய மேசைப் பொருட்களைத் தேட ஆரம்பித்தால் இரண்டு வகை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று, நண்டு, தவளை, ஆமை, முயல் என்று கையடக்கமாக வார்த்த பித்தளை உருவங்கள். பெரும்பாலும் பேப்பர்வெயிட்டாகப் பயன்பட்டவை, ஜப்பானில் இவற்றை 'புஞ்சின்' என்பார்கள். இன்னொன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏற்றுமதிக்காகவே செய்த வேடிக்கையான மேசை லைட்டர்கள்: முக்காலியில் நிற்கும் கேமரா, கைத்துப்பாக்கி, கவசம் அணிந்த வீரன். நான் தேர்ந்தெடுத்தது முதல் வகை, அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

லைட்டர்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை மறுக்கவே முடியாது. அடியில் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று பொறித்திருந்தால், முத்திரை உண்மையானது என்ற வரையில், அது 1947க்கும் 1952க்கும் இடைப்பட்ட பொருள். 1952 ஏப்ரலில் ஜப்பான் மீதான நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு முடிந்ததும் அந்த வாசகமும் முடிந்தது. பித்தளை நண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நெருக்கமாகக் காலம் சொல்வது அபூர்வம். ஆனால் இவற்றில் பல பித்தளையே இல்லை. ஈயமும் ஆன்டிமனி என்ற எளிதில் நொறுங்கும் உலோகமும் கலந்த கலவையை வார்த்து, அதன் மேல் வெள்ளி நிறத்திலோ தங்க நிறத்திலோ முலாம் பூசியிருப்பார்கள். சில மட்டும் மெல்லிய பித்தளைத் தகட்டின் மேல் குரோம். விற்பவர் எல்லாவற்றையும் 'பழைய பித்தளை' என்றே போடுவார்.

காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், அது இரும்பை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். தேய்ந்த மூலையைப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் முலாம், மஞ்சளாகவே இருந்தால் பித்தளை. விரல் நகத்தால் சுண்டினால் பித்தளை கொஞ்சமாவது ஒலிக்கும், ஆன்டிமனி மந்தமாகத் தட்டும். ஈயம் கலந்தது என்பதால் அதைத் தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பித்தளை என்று உறுதியானதும் ஜப்பானியதுதானா என்ற கேள்வி வரும். உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் கொரியாவிலும் தைவானிலும் வார்த்த பித்தளை மிருகங்கள் ஏராளம், அவற்றின் ஒட்டுத்தாள் உதிர்ந்துவிட்டால் யாரும் எந்த நாட்டுப் பெயரையும் சொல்லி விற்கலாம். நான் முதலில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பேன். வார்ப்புத் தழும்பை நன்றாக அராவி முடித்திருக்கிறார்களா, நண்டின் கால் கணுவில், தவளையின் தோலில் உளி வேலை தெரிகிறதா, செய்தவரின் முத்திரை இருக்கிறதா என்று. ஜப்பானில் உலோக வார்ப்புக்குப் பெயர்போன ஊர் தொயாமா மாகாணத்துத் தகாவோகா. 1611இல் அந்தப் பகுதியை ஆண்ட பிரபு மாயெதா தொஷினாகா ஏழு வார்ப்பாளர்களை அங்கே கனயாமாச்சி என்ற பகுதியில் குடியமர்த்தியதில் தொடங்கிய தொழில் அது. நிறைய உருவங்கள் நிறுவன ஆண்டு விழா, பள்ளி விழா என்று நினைவுப் பரிசாகக் கொடுக்கப்பட்டவை. அடியிலோ பெட்டியிலோ ஷோவா ஆண்டு (பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கு) எழுதியிருந்தால் அதோடு 1925ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், ஷோவா 39 என்றால் 1964. பரிசளித்தவர் பெயர் பொறித்திருந்தால் விலை கொஞ்சம் இறங்கும், ஆனால் காலம் தெரிகிறதே, எனக்கு அது லாபம்தான்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது மேற்பரப்பு. முலாம் ஒரு தடவை போய்விட்டால் போனதுதான். மறுபடி பூசினால் அது புதுப் பொருளாகிவிடுகிறது, வாங்குபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். முக்காலியின் கால் உடைந்தாலும் சிக்கல், ஆன்டிமனிக் கலவை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் என்பதால் பற்றவைக்கப் போனால் கூடவே உருவமும் போய்விடும். கெட்டியான பித்தளைக்கு உள்ளும் புறமும் ஒன்றே. தேய்ந்தாலும் அது பித்தளையாகவே தேய்கிறது.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் ஆபத்தாகிறது. பித்தளை கறுத்திருந்தால் புளி போட்டுத் தேய்ப்பது நமக்குக் கையோடு வந்த விஷயம். குத்துவிளக்குக்கு அது சரி, இதற்குக் கூடவே கூடாது. தகாவோகா வேலையில் அந்தப் பழுப்பும் கறுப்பும் பல சமயம் அழுக்கே அல்ல, வேண்டுமென்றே ஏற்றிய நிறம். அரிசித் தவிடும் மிசோவும் (புளிக்கவைத்த சோயா விழுது) கலந்த கூழைப் பூசிச் சுடுவார்கள், இரும்பு ஊறிய கரைசலைத் தூரிகையால் தடவுவார்கள், சூடாக்கிய உலோகத்தின் மேல் அரக்குப் பூசுவார்கள். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் அந்த நிறம் கெட்டுவிடும். பளபளவென்று தேய்த்த உருவத்தைப் பார்த்தால் நான் விலை கேட்பதற்கு முன்பே நகர்ந்துவிடுவேன், அதே வார்ப்பு நிறம் கெடாமல் கிடைத்தால் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்குவேன். பராமரிப்பு என்று நான் செய்வது உலர்ந்த மெல்லிய துணியால் தூசி துடைப்பதோடு சரி. பச்சைக் களிம்பு பூத்திருந்தால் மட்டும் மூங்கில் குச்சியால் அந்த இடத்தை மெதுவாகச் சுரண்டிவிட்டு ஈரம் படாமல் வைப்பேன்.

விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிடுங்கள், யாகூ ஜப்பான் ஏலத்தில் முடிந்த விலைகளைப் பாருங்கள். செய்தவரே எழுத்துப் போட்ட மூலப் பெட்டி இருந்தால் அதற்குத் தனி மதிப்பு, பெட்டியில் உள்ள பெயரும் உருவத்தின் அடியில் உள்ள முத்திரையும் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள், வேறு பெட்டியில் மாற்றிப் போட்டு விற்பதும் நடக்கிறது. எடை கூடும் என்பதால் தபால் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

லைட்டர்களை நான் நிறையக் கையாண்டதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்: முலாம் முழுசாக இருந்து, முக்காலியின் மூன்று காலும் நேராக நின்று, ஆக்குபைட் முத்திரையும் தெளிவாக இருந்தால் கேமரா லைட்டரை விட்டுவிடாதீர்கள். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காசுக்கு ஒரு நல்ல நண்டைத் தேடலாம்.