கடற்படை நீச்சல் தேர்வுக்குத் தயாராவோருக்குப் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி வகுப்பு

கடற்படையில் சேர விரும்பும், ஆனால் முறையாக நீந்திப் பழகாத இளைஞர்களுக்காக முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் பாளையங்கோட்டையில் அதிகாலையில் நடத்திவரும் வகுப்பில் என் தங்கை மகனைச் சேர்த்திருந்தோம். அக்னிவீரர்களாக, அதாவது நான்காண்டுப் பணிக்கு எடுக்கப்படும் வீரர்களாக, தேர்வாகும் கடற்படையினருக்கு ஒடிசாவிலுள்ள ஐ.என்.எஸ். சில்கா என்னும் கடற்படைப் பயிற்சித் தளத்தில் தொடக்கப் பயிற்சி நடைபெறுகிறது. தண்ணீர்ப் பயத்தை ஊரிலேயே போக்கிவிட்டு அங்கே அனுப்ப நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளில் பலர் தங்களுக்கு நீச்சல் தெரியும் என்றே நம்புகிறார்கள். குறுக்குத்துறையிலோ சிந்துபூந்துறையிலோ படித்துறையை ஒட்டி, கால் எட்டும் ஆழத்தில், தலையை உயர்த்தியபடி கையடிப்பதுதான் அவர்கள் பழக்கம். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும்; சிறிது தூரத்திலேயே மூச்சு வாங்கும். இதைப் புரிந்துகொண்டு பாடத்தை அமைத்திருப்பதே இவ்வகுப்பின் பெரிய சிறப்பு. தொடக்கத்தில் தூரம், வேகம் என்ற பேச்சே எழுவதில்லை. முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை மெல்ல வெளியே விடுதல், நுரையீரல் நிறையக் காற்றோடு குப்புற மிதத்தல், தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்சு இழுத்தல் ஆகியவையே மீண்டும் மீண்டும் நடக்கின்றன. புதியவர்கள் களைத்துப்போவது பெரும்பாலும் கைவலு குறைவினால் அன்று. பதற்றத்தில் மூச்சை அடக்கி உடலை விறைப்பாக்கிக்கொள்வதனால்தான். அந்த விறைப்பு தளரும் வரை பயிற்சியாளர் காட்டும் பொறுமையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அவர் அளவுகோலாக வைத்திருப்பது அமெரிக்கக் கடற்படையின் மூன்றாம் நிலை, அதாவது அடிப்படை நிலை, நீச்சல் தேர்வு: குறைந்தது 5 அடி உயரத்திலிருந்து கால் முதலில் நீரில் படும்படி குதித்தல், 50 கெஜம் நீந்துதல், 5 நிமிடம் குப்புற மிதத்தல், பின்னர் உடுப்பையே காற்றடைத்து மிதவையாக்குதல். நம் கடற்படையின் விதிகள் வேறு என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார். ஆயினும் புதியவருக்கு எந்த வரிசையில் எவற்றைப் பழக வேண்டும் என்பதை இத்தேர்வு தெளிவாகக் காட்டுகிறது. கப்பலிலிருந்து தவறி விழுந்தவர் உதவி வரும் வரை உயிரோடிருக்கத் தேவையானவையும் இவைதாமே.

குறைகளும் உண்டு. வகுப்பு நடக்கும் நீச்சல் குளத்தின் ஆழம் போதாததால் உயரத்திலிருந்து குதிக்கும் பயிற்சி பெயரளவில்தான் நடக்கிறது. உடுப்போடு இறங்கக் குள நிர்வாகம் அனுமதிப்பதில்லை என்பதால் கடைசிப் பகுதியைக் கரையில் நின்றபடி செய்துகாட்டுகிறார்கள். கோடை விடுமுறையில் கூட்டம் மிகுந்து, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் கவனம் குறைகிறது. கட்டணம் நியாயமானதே.

ஓரிரு மாத அவகாசம் உள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். அழைப்பு வந்த பின் ஒரு வாரத்தில் கற்றுவிட எண்ணுபவர்களுக்கு இது பயன்படாது. பெண்களும் அக்னிவீரர்களாகச் சேர்ந்துவரும் இக்காலத்தில் அவர்களுக்கெனத் தனி நேரம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. அதைப் பயிற்சியாளரிடம் நேரில் கேட்டிருக்கிறேன்; இன்னும் சில பெற்றோர் சேர்ந்து கேட்டால் விரைவில் நடக்கும்.