வறட்சியில் தளர்ந்த மரத்தை மொட்டையடிக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்

எங்கள் வீட்டு வேப்பமரம் 50 வயதைக் கடந்தது. தொடர்ந்து மழை பொய்த்த இரண்டாம் ஆண்டில் அதன் உச்சிக் கிளைகள் சில காய்ந்தன. மற்ற கிளைகளிலும் இலைகள் சிறுத்து, வழக்கத்துக்கு முன்பே உதிரத் தொடங்கின. மரப் பராமரிப்பில் நீண்ட அனுபவம் உள்ளதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரை, யாரிடமும் விசாரிக்காமல், நானே அழைத்து வந்தேன். வயதான மரம் வைத்திருக்கும் வேறு எவரும் அதே தவற்றைச் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வந்தவர் மரத்தை ஒரு முறைகூடச் சுற்றி வரவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "தலைப்பாரம் அதிகமாகிவிட்டது, அம்மா. மொட்டையடித்துவிட்டால் தண்ணீர்த் தேவை குறையும், மரம் பிழைத்துக்கொள்ளும்" என்றார். இலைகளின் வழியே நீர் ஆவியாகிறது என்று பள்ளியில் படித்த எவருக்கும் இந்த வாதம் நியாயமாகவே தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் மரம் தன் உணவைத் தயாரிப்பதும் அதே இலைகளில்தான். வேர்கள் புதிதாக வளர்ந்து ஈரத்தைத் தேடிச் செல்வதற்கான சக்தி அங்கிருந்துதான் இறங்குகிறது. நீர் போதாதபோது தேவைக்கேற்ப இலைகளை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ள வேம்புக்குத் தெரியும். எஞ்சிய பச்சை முழுவதையும் வெட்டி எறிவது அதற்குச் செய்யும் உதவி ஆகாது.

ஒரே நாளில் வேலை முடிந்தது. எல்லாப் பெருங்கிளைகளையும் முழ நீள முண்டுகளாக விட்டு நறுக்கினார்கள். கனமான கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் பாதி அறுத்துக்கொள்ள வேண்டும் என்ற எளிய முறையைக்கூட அவர்கள் பின்பற்றவில்லை. அதனால் ஒரு கிளை முறிந்து சாய்ந்தபோது அடிமரத்துப் பட்டையையும் ஒரு முழத்துக்குக் கிழித்துக்கொண்டு விழுந்தது. வெட்டுவாய்கள் அனைத்திலும் தார் பூசினார்கள். பொந்தில் சிமென்ட் கலவையை அடைத்தார்கள். பிறகு தூரிலிருந்து இரண்டடி தள்ளி முழங்கால் ஆழத்துக்கு வட்டமாகப் பள்ளம் தோண்டி யூரியாவைக் கொட்டி மூடினார்கள். தோண்டிய மண் குவியலில் கட்டைவிரல் பருமனுள்ள வேர்த் துண்டுகள் கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எதுவும் கேட்கவில்லை.

சில வாரங்களில் முண்டுகளைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்பின. மரம் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து அவருக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இலை முழுவதையும் இழந்த மரம், கட்டையிலும் வேரிலும் சேமித்து வைத்திருந்த கடைசி மாவுச்சத்தையும் செலவழித்துத் தள்ளும் அவசரத் துளிர் அது. அடுத்த கோடையில், நிழலை இழந்த மேற்குப் பக்கத்துப் பட்டை வெயிலில் வெந்து வெடித்தது. ஆழமான பிடிப்பின்றி மேலோட்டமாக முளைத்திருந்த போத்துகள் முதல் பலத்த காற்றிலேயே பிய்ந்து விழுந்தன. அவரை மீண்டும் அழைத்தபோது, உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். எழுத்தில் எதையும் வாங்காத என்னிடம் பதில் இல்லை.

அதன் பின் வந்தவர் மரவியல் பயிற்சி பெற்றவர். அவர் முதலில் மரத்தின் அடியில் குந்தி, ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தினார்; இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் அது இறங்கவில்லை. நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் 30 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள் பரவி, கிளைகளின் எல்லையைத் தாண்டியும் வெகுதூரம் செல்கிறது என்றும், தூரை நனைப்பதால் பயனில்லை என்றும் விளக்கினார். தண்ணீர் கிளைநிழலின் விளிம்பிலும் அதற்கு அப்பாலும், அடிக்கடி சிறிதளவாக அல்லாமல், இடைவெளி விட்டு, மெதுவாக, ஆழம்வரை ஊறும்படி விடப்பட வேண்டும். அதன்மேல் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு இலைதழை மூடாக்கு போட வேண்டும். ஆனால் அது அடிமரத்தைத் தொடக் கூடாது. வறண்ட மண்ணில் கொட்டிய யூரியா, உப்பின் செறிவைக் கூட்டி வேருக்கு நீர் கிடைப்பதை மேலும் கடினமாக்கியிருந்தது.

தாரைப் பற்றிக் கேட்டேன். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்து ஆராய்ந்து, பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்று பல்லாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார் என்றார். மரம் காயத்தை நம் தோலைப் போல ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி ஒதுக்கி வைக்கிறது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் உள்ள புடைத்த வளையத்துக்குச் சற்று வெளியே அறுத்தால் அந்தத் தடுப்பு நன்றாக அமைகிறது. முண்டு விட்டு அறுத்தால் அழுகல் உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. முதிர்ந்த மரத்தில் ஓர் ஆண்டில் பச்சைக் கிளைகளில் கால் பங்கை வெட்டுவதே அதிகம், வறட்சியில் காய்ந்தவற்றை மட்டும் எடுத்தால் போதும் என்றும் சொன்னார். பொந்திலிருந்த சிமென்டைப் பெயர்த்தால் இன்னும் காயமாகும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டார். அன்று அவர் ரம்பத்தைக் கையிலேயே எடுக்கவில்லை.

மொட்டையடிக்கச் சொல்பவர், தூரையொட்டிப் பள்ளம் தோண்டுபவர், மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் உரம் சொல்பவர் யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கள் மரத்தின் மேற்குப் பக்கத்தில் இப்போது காளான் படர்ந்திருக்கிறது. வீட்டின் மேல் நீண்டிருக்கும் இரண்டு முண்டுகளை இறக்கியே ஆக வேண்டும். எந்த இடத்தில், எப்படி அறுப்பது என்று இரண்டாவதாக வந்தவர் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துப் பார்த்த பிறகே இம்முறை ஒப்புக்கொண்டேன்.