செமினாருக்கு ஃபார்பரா, சுப்பாராவா?
தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் உயிர்வேதியியல் படிக்கிற தம்பி தங்கைகளே, செமினாரில் பேச ஒரு விஞ்ஞானியைத் தேடுகிறீர்களா? அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பரை எடுத்தால் வேலை சுலபம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை அமினாப்டெரின் என்ற மருந்து தற்காலிகமாக அடக்கியதைச் சொன்ன 1948 கட்டுரையில் முதல் பெயரே அவர்தான். சரி, மருந்தைச் செய்து கொடுத்தது யார்? லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில், நம் நாட்டு உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. ஆனால் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர் இல்லை, எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

நான் சுப்பாராவைத்தான் எடுக்கச் சொல்வேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனவர், அங்கே ஹார்வர்டில் ஃபிஸ்கே என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்து 1925-இல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறைதான் நம் லேபில் சோதனைக்குழாய் நீலமாக மாறுவதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறோமே, அதுவேதான். அப்புறம் மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து, அதுவும் அதே லெடர்லே ஆய்வகத்திலிருந்து வந்ததுதான், மூட்டுவாதத்துக்குக்கூட இன்றைக்கும் எழுதித் தருகிறார்கள்.